ஷார்ட்லி வருவார்

'கிர்ர்ர்' என்று அபாய மணி அலறியது. மனித குலத்துக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்த மகான் ஒருவர், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்.

அவர் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவு மேலாளர். நின்றுபோனது கம்பெனியின் சொந்த லிஃப்ட். மேல் மாடியில் முதலாளி, பொது மேலாளர் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்க உட்கார்ந்திருந்தார். போட்டியில் இரண்டே பேர்: இவரும், இவருடைய பரம வைரியான கணக்கதிகாரியும். லிஃப்ட் கம்பெனியில் படியேறுவது கௌரவக் குறைச்சல் என்று இவர் லிஃப்டில் ஏறினார். கௌரவம் தெரியாத கணக்கதிகாரி படியைப் பிடித்தார்.

மேலாளர் பதறவில்லை. புகார்ப் பிரிவு அவரே கட்டி எழுப்பிய கோயில். அங்கே போன் எடுப்பவர்கள் மெக்கானிக் வரும் நேரத்தை ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும் என்பது அவர் இயற்றிய சட்டம். அந்தச் 'சீர்திருத்தத்துக்கு' ஒரு கேடயமும் வாங்கியிருக்கிறார்.

செல்போனில் தன் பிரிவையே அழைத்தார்.

"நான்தாம்மா. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்."

"ஐயையோ, நீங்களா சார்? ஜஸ்ட் எ மினிட்!"

என்ன பண்பு! என்ன உச்சரிப்பு! மேலாளருக்குப் புல்லரித்தது. பல மினிட்டுகள் புல்லரித்தபடியே நின்றார். பிறகு மறுபடி அழைத்தார்.

"மெக்கானிக் எங்கம்மா?"

"ஷார்ட்லி வருவார் சார்."

"ஷார்ட்லின்னா?"

"வெரி சூன் சார்."

"அது எப்போம்மா?"

"இன் நோ டைம் சார்!"

கம்பிக் கதவுக்கு அப்பால், தலைக்கு மேலே பளபளக்கும் ஷூ இரண்டு வந்து நின்றன. கணக்கதிகாரி குனிந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணே, தியானமா? மெதுவா வாங்க. நான் முன்னால போயி உங்க வணக்கத்தைச் சொல்லிடறேன்!"

ஷூக்கள் தாவித் தாவி ஏறின. சற்று நேரத்தில் மேல் மாடியில் கைதட்டல் கேட்டது. யாரோ "வாழ்த்துகள்!" என்று கத்தினார்கள்.

மேலாளரின் பொறுமை, அவர் உலகுக்கே வழங்கிய பொறுமை, பொலபொலவென்று உதிர்ந்தது.

"இந்த இங்கிலீஷ் இழவை விடும்மா! தமிழ்ல சொல்லித் தொலை. மெக்கானிக் எத்தனை மணிக்கு வருவான்?"

எதிர்முனையில் அந்தப் பெண் தயங்கினாள்.

"தமிழ்ல நேரம் சொன்னா ஆள் அனுப்பணுமே சார்! பதில் சொல்றதுக்கு நாம இருக்கோம், மெக்கானிக் எதுக்குன்னு போன வருஷமே அவரை வீட்டுக்கு அனுப்பிட்டீங்களே!"