சைவக் குடுவை

‘தெரியாது’ என்ற சொல்லை வாழ்நாளில் ஒரு தடவைகூட உச்சரிக்காத ஒரே மனிதர், குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் செடி விற்ற நர்சரி அண்ணாச்சிதான். சீசனுக்கு வந்தவர்கள் எந்தச் செடியைக் காட்டிக் கேட்டாலும் கண் இமைக்காமல் ஒரு பெயர் சொல்வார். மறுநாள் அதே செடிக்கு வேறு பெயர் இருக்கும். இரண்டையும் தகரத்தில் பெயின்டால் எழுதித் தொட்டியில் செருகிவிடுவார்.

ஒரு வருஷம் கல்கத்தாவிலிருந்து பூச்சி தின்னும் குடுவைச் செடிகளை வரவழைத்தார். இலை நுனியில் மூடி போட்ட சொம்பு ஒன்று தொங்கும். உள்ளே விழுந்த எறும்பும் ஈயும் வெளியே வராது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் அலைமோதியது, வாங்கத்தான் ஆளில்லை. உயிரைக் கொன்று தின்னும் செடியைத் தென்காசிச் சைவ வீடுகளில் யார் படியேற்றுவார்கள்? அண்ணாச்சி அசரவில்லை. பாதித் தொட்டிகளில் ‘சைவக் குடுவை’ என்று எழுதி வைத்தார்.

“ரெண்டும் ஒரே செடிதானே அண்ணாச்சி?” என்றேன்.

“மூஞ்சியப் பாத்தாலே தெரியலையாலே? இது வெறும் சாரல் தண்ணியக் குடிச்சே வளருது.”

சைவக் குடுவைகள் பறந்தன. முதல் தொட்டியை வாங்கியவர் தென்காசி வக்கீல் ஒருவர். நர்சரி இருந்த இடமே அவருடையதுதான். நான் அவரிடம் குமாஸ்தா.

ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை அறை வாசலில் இருந்த குடுவைக்குள் வக்கீலம்மா எட்டிப் பார்த்தார். ஒரு கரப்பான் பூச்சி பாதி கரைந்து கிடந்தது. வீடே இரண்டாகிவிட்டது. வக்கீல் தொட்டியை என் மடியில் வைத்துக் காரைக் குற்றாலத்துக்கு விரட்டினார்.

“என்ன வேய், சைவம்னு எழுதி ஊரை ஏமாத்துதீரா? நாளைக்கே எடத்தைக் காலி பண்ணும்!”

அந்த இடத்தை விட்டால் அண்ணாச்சிக்கு வேறு போக்கிடம் கிடையாது. அவரோ குடுவைக்குள் நிதானமாக எட்டிப் பார்த்தார்.

“எங்கிட்ட இருந்த வரைக்கும் சுத்த சைவம் ஐயா. ஒங்க வீட்டுக்கு வந்த பெறகுதான் கெட்டுப்போச்சு. வீட்டுல யாரோ ஒளிச்சுத் திங்காங்க. அதப் பாத்து இதுவும் பழகிட்டு.”

வாய்க்கு வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் செங்கோட்டைக் கோர்ட்டுக்குப் போகும் நாளெல்லாம் வக்கீல் கோழி வறுவலை ஒரு கை பார்த்துவிட்டு, வெற்றிலை போட்டு மணத்தை மறைத்துக்கொண்டு வீடு திரும்புவது எனக்குத் தெரியும். முகம் வெளிறி அவர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

“சரி வேய், எடம் ஒம்மகிட்டயே இருக்கட்டும்” என்று குரலைத் தாழ்த்தினார். “வீட்டுப் பக்கம் வந்து இதச் சொல்லிராதேயும்.”

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. மலேயாப் பக்கத்துக் காடுகளில், உதிர்ந்த இலைகளை உண்டு வாழும் குடுவைச் செடி நிஜமாகவே இருப்பதாகப் போன மாதம் படித்தேன். “நான் அப்பவே எழுதி வைக்கலையாலே?” என்று கேட்பாரே! சிரித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டு, அவரிடம் சொல்வதற்காக வாசல் வரை போய்விட்டேன்.