மாயைக்கு யூனிட் கேட்ட டபுள்

திருவண்ணாமலையில் கடவுளை நம்புகிறவர்கள் உண்டு, நம்பாதவர்கள் உண்டு. இரண்டு கட்சிக்காரர்களும் ஒன்றாகச் சேர்ந்து ஒருவனைத் துரத்தினார்கள் என்றால், அது எங்கள் டபுளைத்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவனுக்கு ஒன்று உண்டு. ஹாஸ்டலில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கம். நான் வணிகவியல், அவன் இயற்பியல், இருவருக்கும் ஒரே அறை. ஒருநாள் மலை சுற்றும் பாதையில் டீ குடிக்கப் போனவன், முகமெல்லாம் சிவந்து ஓடி வந்தான். டீக்கடையில் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர், தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலையும் தத்துவத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படித்தாராம்.

“ரெண்டும் ஒரே டிகிரிடா! உலகம் எப்படி ஓடுதுன்னு காலைல படிக்கிறான், ஏன் ஓடுதுன்னு மத்தியானம் படிக்கிறான்!”

“சாயந்திரம் இன்னா பண்றான்?” என்று கேட்டேன்.

“திருவண்ணாமலைக்கு வந்துடறான்” என்றான்.

அன்றைக்கே பிரின்சிபாலைப் பார்த்து, தனக்கும் அப்படி ஒரு பட்டம் வேண்டும் என்று கேட்டான். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றி அவனை உற்றுப் பார்த்தார். “இங்க பிசிக்ஸ் மட்டும்தான்பா இருக்கு. தத்துவம் வேணும்னா காலேஜ் கேட்டத் தாண்டிப் போ. மலையச் சுத்தி வழி நெடுக உக்காந்திருக்காங்க.”

சரி, தபால் வழியில் தத்துவப் பட்டத்துக்குச் சேரலாம் என்றால், ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கக் கூடாது என்று விதி இருந்தது. டபுள் ஆபீஸ் கவுன்டரிலேயே சண்டைக்கு நின்றான். “சார், ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கக் கூடாதுன்னு எலக்ட்ரானுக்கே ரூல் இல்ல. எனக்கு மட்டும் ஏன் சார்?”

“அந்த எலக்ட்ரான் நம்ம காலேஜ்ல அட்மிஷன் போடல தம்பி” என்றார் கிளார்க்.

கடைசியில் தத்துவத்துக்கு ஒரு தபால் வழி டிப்ளமோவில் சேர்ந்தான். பல்கலைக்கழகம் கொடுக்காத கூட்டுப் பட்டத்தைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டான். டபுள் டிகிரி என்று நாங்கள் கேலி செய்தோம். வாரம் ஒன்று போவதற்குள் அது வெறும் டபுள் ஆகிவிட்டது.

பிரச்சினை என்னவென்றால், இரண்டு பாடத்தையும் அவன் உண்மையாகவே படித்தான். நம் ஊர்ப் பாடத்திட்டம் அந்த ஆபத்தை எதிர்பார்த்துப் போடப்பட்டதல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்தில் தத்துவ வகுப்பு நடக்கும். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, இந்த உலகம் மாயை என்று உருகிக்கொண்டிருப்பார். டபுள் எழுந்து நின்றான்.

“சார், மாயைக்கு யூனிட் இன்னா சார்?”

“யூனிட்டா? ஏம்ப்பா, இது இன்னா கரண்டு பில்லா?”

திங்கட்கிழமை இயற்பியல் ஆய்வகம். நூலில் குண்டைக் கட்டி ஊசல் ஆட்டி, ரெக்கார்டில் முடிவு எழுத வேண்டும். டபுள் எழுதினான்: ‘ஊசல் இதுவரை திரும்பி வந்தது. நாளையும் வரும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.’ பேராசிரியர் ரெக்கார்டை மேசையில் ஓங்கி அடித்தார்.

“இன்னாடா இது?”

“சார், நாளைக்கும் வரும்னு எப்படி சார் நிச்சயமா எழுதறது?”

“அது வருதோ இல்லியோ, நாளைக்கு நீ வராத!”

ஒரு பக்கம் இவனைச் சாமியார் என்றார்கள். இன்னொரு பக்கம் நாத்திகன் என்றார்கள். மெஸ்ஸில் சமையல்கார பாய் மட்டும்தான் சிரித்துப் பேசுவார். அவரிடமும் போய், “பாய், கரண்டி போடற வரைக்கும் சாம்பார்ல பருப்பு இருக்குன்றதும் நெசம், இல்லன்றதும் நெசம்” என்று ஆரம்பித்தான்.

“கரண்டி போட்டாலும் இல்ல தம்பி. தண்ணிதான் ஜாஸ்தி” என்றார் பாய்.

எப்படியோ இரண்டிலும் பாஸ் செய்துவிட்டான். வேலை மட்டும் கிடைக்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலிருந்து அவன் அப்பா வந்தார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் செய்கிறவர். என் வாடகை அறைக் கட்டிலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“ரெண்டு படிப்பு படிச்சானே, ஒரு வேலயாச்சும் கெடைக்கக் கூடாதாப்பா? ஊர்ல கேக்கறாங்கோ. நான் இன்னான்னு சொல்லட்டும்?”

எதற்கும் எதிர்க் கேள்வி கேட்கிற டபுள், அன்றைக்குத் தரையைப் பார்த்தபடி நின்றான். அவனை அப்படிப் பார்த்தது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மொட்டை மாடி சாமி வந்து சேர்ந்தார். மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தவர். ஞானம் வந்து பையை வீசிவிட்டாலும் டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார். ஒரு லாட்ஜின் மொட்டை மாடிக்குக் கீற்றுப் பந்தல் போட்டு, வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தார். வாசலில் ‘விஞ்ஞானமே வேதாந்தம்’ என்று பெரிய போர்டு. பிசிக்ஸும் தத்துவமும் சேர்த்துப் படித்த ஆள் ஊரில் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, ஆள் அனுப்பி அழைத்தார். தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். தங்க அறை, சாப்பாடு, கௌரவமான சம்பளம், ஓட்டிக்கொண்டு போக மொபெட்.

“ஆன்மா இருக்குன்னு சயின்ஸே ஒத்துக்கிச்சுன்னு சொல்லு. அவ்ளோதான்” என்றார் சாமி.

அவன் அப்பா மகிழ்ந்து போனார். முதல் நாள் பேச்சுக்கு வெள்ளை ஜிப்பா வாங்கிக் கொடுத்ததே அவர்தான். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். டபுள் எழுந்தான். தொண்டையைக் கனைத்தான். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான்:

“நான் இரண்டையும் படித்தேன். ஆன்மா உண்டு என்று இயற்பியல் எங்கேயும் நிரூபிக்கவில்லை. தத்துவமும் போய் அதனிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. நிரூபித்தாகிவிட்டது என்று சொல்கிறவர் இரண்டில் எதையும் படிக்காதவர். வாசலில் போர்டு வைத்திருப்பவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.”

வேலை போயிற்று என்று நான் எழுந்து செருப்பைத் தேடினேன். அப்போது முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் விம்மி அழுதாள். பக்கத்திலிருந்தவர் கை தட்டினார். அடுத்த நொடி எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். ஒருவர் ஓடிப் போய் டபுளின் காலைத் தொட்டார்.

சாமி அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “பிரமாதம்பா! தெனம் இதயே பேசு!”

“சாமி, நான் உங்களத்தான் திட்டினேன்.”

“தெரியும்பா. நல்லா எடுபடுது. அப்படியே வச்சுக்க.”

டபுள் ஜிப்பாவைக் கழற்றி நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பனியனோடு படி இறங்கிவிட்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

“டேய், பைத்தியமா உனக்கு? அதான் கைதட்டினாங்களே! அப்பறம் இன்னா?”

“பொய் சொன்னாலும் தட்றான், நெசம் சொன்னாலும் தட்றான். அங்க நான் எதுக்குடா?”

அவன் அப்பா ஒரு அறுவடை முடியும்வரை அவனோடு பேசவில்லை. பிறகு ஊர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் அவனுக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. நான் வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு குடும்பஸ்தன் ஆனேன். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்துக்கொள்வோம்.

சில வருடங்கள் கழித்து என் அம்மாவுக்கு இருதய ஆபரேஷன். தியேட்டர் வாசலில் சொந்தக்காரர்கள் ஆளாளுக்குத் தைரியம் சொன்னார்கள். ஒருவர் ஜாதகம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். ஒருவர் கனவில் உத்தரவு வந்ததாகச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பயம்தான் ஏறியது. எப்படிக் கேள்விப்பட்டானோ, பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு டபுள் பஸ் ஏறி வந்துவிட்டான்.

“அம்மா பொழச்சிருவாங்களாடா?” என்று கேட்டேன்.

“தெரியலடா” என்றான். பக்கத்தில் உட்கார்ந்தான். “ஆனா நான் எங்கயும் போகல.”

சொன்னபடியே போகவில்லை. அம்மாவை வார்டுக்குக் கொண்டுவந்து, அவள் கண் விழித்து எங்களை அடையாளம் கண்டுகொள்ளும்வரை இருந்தான். அம்மா அவனைப் பார்த்து மெலிந்த குரலில் கேட்டாள்: “எனக்கு ஒண்ணும் இல்லியே தம்பி?”

டபுள் நிஜமாகவே யோசித்தான்.

“இப்போதைக்கு இல்லம்மா.”

அம்மா சிரித்துவிட்டாள். தையல் வலிக்கிறது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். நான் திரும்பிக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.