டெர்பி அண்ணனும் டிசம்பர் முப்பத்தொன்றும்

சித்தூர் ஜில்லாவில் பிறந்த அத்தனை மனிதர்களிலும், ஒரு குதிரையின் பிறந்த நாளைத் தள்ளிப்போடச் சொல்லி ஏழுமலையானிடமே பேரம் பேசியவர் டெர்பி அண்ணன் ஒருவர்தான். சொந்தப் பெயர் என்ன என்று கேட்காதீர்கள். நாங்கள் வேலை பார்த்த மாம்பழக்கூழ் ஃபாக்டரியின் வருகைப் பதிவேட்டில் ஏதோ ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வாலிபத்தில் பெங்களூர் ரேஸ்கோர்ஸில் ஒரு டிரெய்னரிடம் குதிரை பராமரித்தவர்; டெர்பி என்கிற பெரிய ரேஸின் பெயர் அங்கேதான் ஒட்டிக்கொண்டது. எங்கள் ஃபாக்டரியில் சூப்பர்வைசர் ஆன பிறகும் பேச்சு மட்டும் லாயத்தை விட்டு வரவில்லை. லேட்டாக வருகிறவனிடம், "இன்னா தம்பி, ஸ்டார்ட்டிங்கே சரியில்லியே" என்பார். எனக்குப் பெண் பார்த்தபோது போட்டோவை வாங்கி, தூக்கிப் பிடித்துப் பார்த்து, "கால் தெரியலியே" என்றாரே பார்க்கலாம்! அன்றோடு என் அம்மா அவருக்குக் காபி கொடுப்பதை நிறுத்திவிட்டாள்.

கால் பிசகி ஓட முடியாமல் போன ஒரு உயர்ஜாதிப் பெண் குதிரையை அந்த டிரெய்னர் இவருக்குச் சும்மாவே கொடுத்தார். கார்வேட்டிநகரம் பக்கம் அண்ணனுக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. அங்கே கொண்டுவந்து கட்டினார்.

"இவ வயித்துல ஒரு குட்டி பொறக்கணும். அது ரேஸ்ல ஒரு தபா, ஒரே ஒரு தபா மொதல்ல வரணும். அப்பால நான் செத்தாலும் சரி."

"செத்துக்கோ. அதுக்கு முன்னாடி தோப்புக்குத் தண்ணி கட்டிட்டுப் போ" என்றார் அண்ணி.

ரேஸ் உலகத்தில் ஒரு விசித்திரச் சட்டம் உண்டு. குட்டி என்றைக்குப் பிறந்திருந்தாலும் சரி, ஜனவரி ஒன்றாம் தேதி வந்தால் அதற்கு ஒரு வயது ஏறிவிடும். ஜனவரியில் பிறந்தால் வளர ஒரு வருஷம் கிடைக்கும். டிசம்பர் கடைசியில் பிறந்துவிட்டால் மறுநாளே ஒரு வயது! அப்புறம் தன்னைவிட ஏறக்குறைய ஒரு வருஷம் மூத்ததுகளோடுதான் காலத்துக்கும் ஓட வேண்டும். குதிரை வயிற்றில் பதினோரு மாசம் சுமக்கும். அதனால்தான் பண்ணைகளில் பிப்ரவரி பாதி தாண்டும்வரை ஜோடி சேர்க்க மாட்டார்கள்.

அண்ணனுக்கு இது தெரியாதா? தலைகீழ்ப் பாடம். ஆனால் பஞ்சாங்கம் என்று இன்னொரு பைத்தியம் இருந்ததே! பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள் அப்படியொரு முகூர்த்தமாம். ஜோடி சேர்க்கக் குதிரைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, டெம்போவில் ஏற்றிப் பண்ணைக்குக் கொண்டுபோனார். பண்ணை மேனேஜர் தெலுங்குக்காரர். "வத்து சாமி, வத்து! டிசம்பர்லயே ஈனிடும், வேண்டாம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"மொதல் பிரசவம் சார், தள்ளித்தான் போவும். வேணும்னா எழுதிக் குடுக்கறேன்" என்று எழுதியே கொடுத்துவிட்டு வந்தார் அண்ணன்.

டிசம்பர் கடைசி வாரம் குதிரைக்கு மடி கனத்துப் பால் சொட்ட ஆரம்பித்தது. அண்ணன் தோப்பில் யாரும் சத்தமாகத் தும்மக்கூடாது என்று உத்தரவு போட்டார். வயிற்றண்டை குனிந்து, "கண்ணு, இன்னும் கொஞ்ச நாள் உள்ளயே இரும்மா" என்று கெஞ்சினார். முப்பதாம் தேதி, பெருமாளிடமே சொல்லிவிடலாம் என்று திருப்பதிக்கு பஸ் ஏறினார். போனை டெபாசிட் செய்துவிட்டு வருஷக் கடைசிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவர், ஒன்றாம் தேதி சாயங்காலம்தான் மொட்டைத் தலையோடு திரும்பினார்.

குதிரை முப்பத்தொன்றாம் தேதி மத்தியானமே ஈன்றுவிட்டது. கூட இருந்தவர்கள் நானும் அண்ணியும் மட்டும்.

"அந்தாளு தாங்காது தம்பி. நாளைக்குப் பொறந்துச்சின்னு சொல்லிடலாம்" என்றார் அண்ணி.

அண்ணன் தோப்புக்குள் நுழைந்ததும் நான் முந்திக்கொண்டேன். "ணா, பொண் குட்டி! இன்னிக்குக் காத்தால பத்து மணிக்குத்தான்…"

லட்டுப் பையை என் கையில் திணித்துவிட்டுக் குட்டியின் தொப்புளைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தது. குளம்பைத் தூக்கினார். பிறந்த குட்டியின் குளம்பில் மெத்தென்று ஒரு தோல் இருக்கும், நடக்க நடக்கத் தேய்ந்துவிடும். அது சுத்தமாகத் தேய்ந்திருந்தது.

"நேத்து எத்தினி மணிக்கு?"

"ரெண்டே கால்" என்றார் அண்ணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"விடுணா, ரிஜிஸ்டர் பண்ற ஃபார்ம்ல ஒண்ணாந்தேதின்னே எழுது. யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன்.

"அவ ஜாதகமே தப்பாப் பூடும்டா! அவசரப்பட்டது நானு. அதுக்கு அவ பொறந்ததயே பொய்யாக்கச் சொல்றியா?"

அலமேலு என்று பெயர் வைத்தார். முப்பத்தொன்று என்றே எழுதினார்.

பழைய டிரெய்னரே அலமேலுவைத் தயார் செய்தார். முதல் ஓட்டத்தில் கடைசி. இரண்டாவதிலும் கடைசி. மூன்றாவதில் கடைசிக்கு முந்தி வந்தாள், ஒரு குதிரை ஓடமாட்டேன் என்று ஸ்டார்ட்டிங் கேட்டிலேயே நின்றுவிட்ட புண்ணியத்தில். ஒவ்வொரு தடவையும் அண்ணனோடு நானும் பெங்களூர் போவேன். பக்கத்தில் புளிசோறு துன்னுகினு இருப்பவர்களிடமெல்லாம், "எல்லாம் இவளுக்கு அக்கா வயசுங்க. கொழந்த இன்னா பண்ணும்?" என்று நியாயம் கேட்பார்.

இரண்டு வருஷம் இப்படியே போயிற்று. குதிரை முழுசாக வளர்ந்துவிட்டால் அந்த வயது வித்தியாசம் மறைந்துவிடுமாம். அலமேலுவுக்கும் எலும்பு முற்றி உடம்பு தேறியது. டிரெய்னருக்கோ பொறுமை தீர்ந்துவிட்டது. "இதுதான்பா கடைசி. இதுலயும் இல்லன்னா தோப்புக்கே கூட்டிக்கினு போயிடு" என்று சொல்லிவிட்டார்.

அன்று கடைசித் திருப்பத்தில் அலமேலு ஐந்தாவது. அப்புறம் நாலு. அப்புறம் ரெண்டு. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அரைத் தலை வித்தியாசத்தில் அலமேலு முதல்! பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஆசாமியைக் கட்டிப்பிடித்து நான் முத்தமே கொடுத்துவிட்டேன். அண்ணன் மட்டும் அசையவில்லை. ஜெயித்த குதிரையைச் சொந்தக்காரர்தான் கடிவாளம் பிடித்து உள்ளே அழைத்துவர வேண்டும். நான் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போனேன்.

போட்டோ எடுக்கிறவர் "சிரிங்க சார்" என்றார். அண்ணன் காதிலேயே வாங்கவில்லை. அலமேலுவின் கழுத்தில் முகத்தை வைத்து ஏதோ சொல்லிக்கொண்டே நடந்தார். மறுபக்கம் நடந்த எனக்குக் கேட்டது.

"மன்னிச்சிக்கம்மா. நைனா அவசரப்பட்டுட்டேன். ஒரே நாள்ல உனக்கு ஒரு வயச ஏத்திட்டேன்."

அவரைக் கிண்டல் செய்யாமல் இன்றைக்கும் எனக்குப் பொழுது போகாது. வேறு எவனாவது செய்தால் மட்டும் சட்டையைப் பிடித்துவிடுவேன்.