சங்கிலியண்ணனை முந்தியவர்கள்

இரும்போடு இரும்பு உரசும் ‘கிணிங்’ சத்தம் சாலையில் கேட்டால் இன்றும் வண்டியை ஓரங்கட்டிவிடுகிறேன். சங்கிலியண்ணன் வருகிறாரோ என்று மனம் முதுகுப்பக்கம் திரும்பிக்கொள்கிறது.

கொல்லங்கோட்டுக்கும் கோபாலபுரத்துக்கும் நடுவே அவருடைய டிராக்டரை முந்தாத உயிர் கிடையாது. சைக்கிள் முந்தியிருக்கிறது. சினைமாடு முந்தியிருக்கிறது. ஒருமுறை சாமி ஊர்வலம் ஒன்று, செண்டை மேளத்தோடு, நிதானமாக முந்திப் போனது.

டிரெய்லரைக் கொக்கியில் மாட்டிக் கம்பி செருகியதும், அதற்கு மேல் ஒரு சங்கிலியும் பூட்டுவார். பெயர் வந்தது அப்படித்தான்.

“பொண்டாட்டியக்கூட இப்பிடிக் கட்டி வெக்கலையேண்ணா” என்பார் டீக்கடைக்காரர்.

“தாலிக்கே மூணு முடிச்சுங்க. இதுக்கு ஒத்தக் கம்பி போதுங்களா?”

அக்கா மகளின் நிச்சயதார்த்தம். கோபாலபுரத்து மண்டபத்தில் மதிய விருந்து. சோறு தாமதமானால் முறுக்கிக்கொள்ளும் சம்பந்தி. பாத்திரம், அரிசி, காய்கறி எல்லாம் சங்கிலியண்ணனின் டிரெய்லரில். சமையல்காரர்களும் அதிலேயே ஏறப் போனார்கள்.

“சாமான் ஏறட்டுங்க. ஆளுங்க பஸ்ஸுல வாங்க.”

பஸ்ஸில் போனவர்கள் வெறும் அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டிராக்டருக்குப் பின்னாலேயே பைக்கில் வந்த நாங்களோ இன்னும் வாய்க்கால் மேட்டில். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு, கடைசியில் கிடந்த அண்டாக்களை முன்பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தார்.

என் பின்சீட்டில் அக்காவின் கணவர் கொதித்தார். “ஏம்பா, சம்பந்தி வந்து வெறும் எலையப் பாத்துட்டு உக்காரோணுமா?”

“பின்பாரம் ஏறுனா டிரெய்லரு ஆட்டங் குடுக்குமுங்க. வண்டிய நா ஓட்டறனுங்க. கவனிக்காம உட்டா, பின்னால வர்றது என்னய ஓட்டிப் போடும்.”

சரிவு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்தார். பின்னால் ஒரு பஸ் அலறியது. தூங்கும் பிள்ளையைத் தொட்டிலோடு இழுத்துப் போகிறவர் மாதிரி இறங்கினார். கீழே வளைவில், சாலை முழுக்க வாத்துகள். நடுவில் மேய்ப்புக்காரப் பெண், காதில் செல்போன்.

டிராக்டர் நின்றது. தள்ளாமல், முட்டாமல் டிரெய்லரும் நின்றது. ஓர் அண்டா மூடிகூட விழவில்லை. அந்தப் பெண் திரும்பியே பார்க்கவில்லை; யாரையோ திட்டிக்கொண்டே கடைசி வாத்தின் பின்னால் வயலில் இறங்கிப் போனாள். அவளுக்கு அன்றைக்கு எதுவுமே நடக்கவில்லை. நடக்காத ஒன்றுக்கு யார் போய் நன்றி சொல்வது? அக்காவின் கணவரின் கை மட்டும் என் தோளை இறுக்கியிருந்தது. அது லேசில் தளரவில்லை.

விருந்து தாமதம்தான். சம்பந்தி முறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தார். அக்காவின் கணவர் சங்கிலியண்ணனைக் கூட்டிவந்து சம்பந்திக்குப் பக்கத்து இலையில் உட்காரவைத்தார். பந்தியிலும் எல்லோரும் அண்ணனை முந்திவிட்டார்கள். சம்பந்தி பாயசம் குடித்துக் கைகழுவி, சிரிக்கவும் தொடங்கிவிட்டார், இவர் ரசத்தில் இருந்தார்.

கிளம்பும்போது என் மனைவி பைக்கில் ஏறினாள். அண்ணன் பைக்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், டிரெய்லரைப் பார்க்கும் அதே கண்ணோடு.

“அம்மிணி, முந்தானையச் சொருகிக்குங்க.”

பிறகு என் பக்கம் குனிந்தார்.

“பின்னால உசுரு இருக்குதுங்க. அலுங்காமப் போங்க.”