சூரியண்ணன் ஆட்டிய கயிறு

என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். இந்த நீலகிரி மலையில் சூரியனை நினைத்துக் கவலைப்பட்ட ஒரே மனிதர் எங்கள் சூரியண்ணன்தான்.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு சின்ன டீ ஃபேக்டரி. நான் டிரையருக்குச் சூடு தரும் அடுப்புக்கு விறகு போடுகிறவன். அவர் டிரையரில் தூளைக் காயவைப்பவர். ஒருநாள் ரேடியோவில் கேட்டிருக்கிறார்: சூரியனின் மேல்பரப்பு ஆறாயிரம் டிகிரி, அதற்கு வெளியே சுற்றியிருக்கும் காற்றோ பத்து லட்சத்துக்கும் மேல். அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"அடுப்ப உட்டுத் தள்ளிப் போனா சூடு கொறையோணுமல்லோ தம்பி? அங்க மட்டும் எப்படிக் கூடுது?"

கோத்தகிரி பஸ் கண்டக்டரிடம் கேட்டார். டாக்டரிடமும் போனார்.

"எத்தன நாளா சூடு?"

"எனக்கில்லீங்க. சூரியனுக்குங்க."

பனிமூட்டத்துக்குள் சூரியன் வெள்ளைத் தட்டாகத் தேயிலை மேல் மிதக்கும். பார்த்தால் அண்ணன் ஜன்னலோடு நின்றுவிடுவார். அப்படி நின்ற ஒரு காலையில் தூள் முழுக்கக் கருகிப்போனது.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் டீ மேக்கர் வந்தார். "நாளையிலிருந்து இலை மூட்டை எறக்கப் போங்க. டிரையர் வேண்டாம்."

அந்த டிரையரைத் தவிர அண்ணனுக்கு வேறு உலகம் கிடையாது. மறுநாள் மூட்டை கட்டும் கயிற்றோடு டீ மேக்கர் முன்னால் வந்து நின்றார்.

"நான் ஏன் நின்னேன்னு காட்டிட்டுப் போயிடறனுங்க. சூரியன்ல காந்தம் கயிறாட்டம் மேல போகுதாம். கீழ கொதிக்கறது அதப் புடிச்சு ஆட்டுது. அலை மேல போய்ச் சூடா மாறுதோ என்னமோன்னு ரேடியோவுல சொல்றாங்க. இன்னும் முடிவாத் தெரியலையாம்."

மறுமுனையை என்னிடம் நீட்டினார். "லேசாப் புடி தம்பி."

ஆட்டினார். கயிற்றில் அலை ஒன்றன்பின் ஒன்றாக ஓடிவந்து என் உள்ளங்கையில் உரசி நின்றது.

"இப்ப அவனக் கேளுங்க."

வேலையை விட்டு வேடிக்கை பார்த்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீ மேக்கரிடம் தலையாட்டியதைத் தவிர நான் பேசியதே இல்லை.

"சுடுதுங்க," என்றேன். நாக்கு நிற்கவில்லை. "அவரில்லாட்டி அடுப்புல எவ்வளவு தீ வெக்கறதுன்னு எனக்குத் தெரியாதுங்க."

டீ மேக்கர் கயிற்றை வாங்கிப் பிடித்தார். மூன்றாவது அலையில் விட்டுவிட்டுக் கையை ஊதினார்.

"டிரையருக்கே போங்க. அந்த ஜன்னல மட்டும் ஆணி அடிச்சுச் சாத்தச் சொல்றேன்."

இப்போது அண்ணன் மேட்டுப்பாளையத்தில், மகள் வீட்டில். டிரையரை நான் பார்க்கிறேன். இன்று மூட்டம் விலகியதும் ஆணியைப் பிடுங்கி ஜன்னலைத் திறந்தேன். அவர் அத்தனை தூரத்தில் இருக்கிறார். என் உள்ளங்கையில் இன்னும் சுடுகிறது.

எழுதியது: தை மாதம், முதல் ஞாயிற்றுக்கிழமை.