மாப்பிள்ளை பார்த்தது றேடியோவை

கற்பிட்டி,
ஞாயிறு.

அன்பின் மச்சான் ஜபாருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்ஹம்துலில்லாஹ், இங்கே றேடியோவைத் தவிர அனைவரும் நலம். அங்கும் அப்படியே இருக்க துஆச் செய்கிறேன்.

நீங்கள் பேசி அனுப்பிய மாப்பிள்ளை முஹ்ஸின் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வந்தார். குறை சொல்லக் கூடாது, மரியாதையாக ஸலாம் சொன்னார், வட்டிலப்பம் சாப்பிட்டார், கடலில் பட்டம் விட வரும் வெள்ளைக்காரர்களின் ஹோட்டலில் கிட்டார் வாசிக்கிறேன் என்றார், அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நிஸ்மியா தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றபோது, மகளுக்குப் பின்னால் அலுமாரி மேலிருந்த என் றேடியோவை அல்லவா பார்த்தார்! "மாமா, இது பழைய வால்வ் றேடியோதானே? பின்பக்கத்தக் கழட்டிப் பார்க்கேலுமா?" வந்த மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டால் எப்படி மறுப்பது? கழற்றி, வால்வ் என்கிற விரல் உயரக் கண்ணாடிக் குழாய் ஒன்றை உருவினார். கிட்டார்ச் சத்தம் போகும் பெட்டியில் இதைப் பூட்டினால் சத்தம் கரகரவென்று உடைந்து வருமாம், அதுதான் அழகாம். மச்சான், இத்தனை வருடமாக அந்தக் கரகரப்பை நிறுத்தத்தானே நான் றேடியோவின் தலையில் தட்டி வருகிறேன்! உங்கள் தங்கச்சி பரீனா குசினிக்குள் இருந்து, "குடுத்துடுங்க, நல்ல சம்பந்தம் முறிஞ்சி போகும்" என்றாள். குழாய் அவருடைய சட்டைப் பைக்குள் போனது, றேடியோ ஊமையானது. அஸர் தொழுதுவிட்டு வந்தால் எனக்குச் செய்தி இல்லை.

நேற்று அவருடைய வாப்பா ஆளனுப்பியிருந்தார். சீதனமாக வீடும் வேண்டாமாம், ஒன்றும் வேண்டாமாம், மிச்ச வால்வுகளோடு அந்த றேடியோ போதுமாம். ஊர் சிரிக்காதா? எனக்கு மகளும் ஒன்றுதான், றேடியோவும் ஒன்றுதான். முகம் பார்க்காதவரிடம் பிள்ளையைக் கொடுக்க மனம் வரவில்லை. பக்குவமாகப் பேசி இந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஸலாம். அல்லாஹ் உங்கள் வீட்டுக்கு பறக்கத்தையும் உங்கள் றேடியோவுக்கு நீண்ட ஆயுளையும் தருவானாக.

இப்படிக்கு,
மச்சான் செய்னுலாப்தீன்

பி.கு.: ஒட்டுமுன் நிஸ்மியா கடிதத்தை வாசித்துவிட்டாள். "அவர் என்னப் பார்த்தார் வாப்பா. நீங்கதான் றேடியோவப் பார்த்துக்கொண்டு இருந்தீங்க" என்றாள். மாப்பிள்ளை உனக்கு மஹராக என்ன தர வேண்டும் என்று கேட்டேன். "வாப்பாட றேடியோவ அவர் திரும்பப் பேச வெக்கணும், அது போதும்" என்றாள். எதையும் நிறுத்த வேண்டாம், நிக்காஹுக்கு நாள் பாருங்கள். கொஞ்சம் கரகரத்தாலும் பரவாயில்லை என்று மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள்.