சுவருக்கு ஒரு முகம்

"கண்ணாடி போட்ட படம் வேண்டாம்," என்றான் மகன்.

"அப்பா என்னிக்குடா கண்ணாடி இல்லாம இருந்தார்?" என்றாள் மூத்தவள்.

மூத்த மாப்பிள்ளை நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். மாமனார் இறந்த துக்க வீடு. மறுநாள் காலை உறவுக்காரர்கள் வருவதற்குள் கூடத்துச் சுவரில் அவர் படத்தை மாட்டியாக வேண்டும். அத்தை கேட்டது அது ஒன்றுதான். "இப்பவே அவர் முகம் கலங்கலாத்தான் நினைவுக்கு வருது மாப்பிள்ளை. தினமும் பார்க்க ஒரு படம் மாட்டிக் குடுங்க," என்று அவர் சொன்னதும் மாப்பிள்ளை தலையாட்டிவிட்டார். பொறுப்பை ஏற்றுக்கொண்டார், மாட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் மூன்று பேர், கொள்கையும் மூன்று. மூத்தவளுக்கு அப்பா இயல்பாக இருக்க வேண்டும். மகனுக்குக் கம்பீரம். கடைக்குட்டிக்குச் சிரிப்பு. எது எவ்வளவு முக்கியம் என்று கேட்டதுதான் வம்பாயிற்று. மூத்தவள் "ரொம்ப முக்கியம்" என்றாள். மகன் "முக்கியம்தான்" என்றான். கடைக்குட்டி, "அதுகூட இல்லேன்னா எப்படி?" என்றாள். இதில் எது பெரிது, எது சிறிது என்று எந்த மகானுபாவன் சொல்வான்?

மாப்பிள்ளைக்குத் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. பழக்க தோஷத்தில், பத்துக்கு இத்தனை என்று மார்க் போடச் சொன்னார். மூத்தவள் இயல்புக்கு எட்டு போட்டாள். அதைப் பார்த்துவிட்டு மகன் கம்பீரத்துக்கு ஒன்பது போட்டான். கடைக்குட்டி சிரிப்புக்குப் பத்து போட்டுவிட்டு, அப்பாமேல் உங்கள் பாசம் இவ்வளவுதானா என்று அழுதாள். உடனே எல்லாமே பத்தாகிவிட்டது.

சரி, யார் எதை விட்டுக்கொடுப்பீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். வினையே அங்கேதான் வந்தது. ஆஸ்பத்திரியில் கூட இருந்தது யார், போனில் விசாரித்ததோடு நிறுத்திக்கொண்டது யார் என்று பழைய கதையெல்லாம் கிளம்பியது. மகன் பையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டே விட்டான். பாவம் மாப்பிள்ளை, வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"அத்தையையே கேட்டுடலாமே?"

"அம்மா இப்பத்தான் கண்ணை மூடிப் படுத்திருக்காங்க. அவங்களைக் கஷ்டப்படுத்தாதீங்க அத்தான்," என்றாள் கடைக்குட்டி. அன்றைக்கு மூவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

வேறு வழியில்லாமல் பரணிலிருந்த பெட்டியை இறக்கினார். அடியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் கிடந்தது. அதே மூக்கு, அதே நெற்றி. கண்ணாடி இல்லை. நிமிர்ந்த தோள், வாய் நிறையச் சிரிப்பு. கல்யாணத்துக்கு முந்தின அப்பாவை அவர்களில் யாரும் பார்த்ததில்லை. மகன் பையைக் கீழே வைத்தான்.

"எவ்வளவு இயல்பா இருக்கார்," என்றாள் மூத்தவள். கம்பீரம் என்றால் இதுதான் என்றான் மகன். கடைக்குட்டி படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விசும்பினாள். அக்காவும் அண்ணனும் அவளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். மாப்பிள்ளைக்கும் கண் கலங்கிவிட்டது, பாதி துக்கம், பாதி நிம்மதி.

ஸ்டூடியோக்காரர் சாயங்காலத்துக்குள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார். சுவரில் மாட்டிவிட்டு, அத்தையைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். அவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிள்ளைகள் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது அவரோட அண்ணன், மாப்பிள்ளை," என்றார் அத்தை மெதுவாக. "இவரை வேண்டாம்னு சொல்லிட்டுத்தான் நான் உங்க மாமனாரைக் கட்டிக்கிட்டேன்."